துவைக்கிற கல்லில் ஒரு தடம்

யுத்த காலம். தரையில் குனிந்து துவைத்துத் துவைத்து என் மனைவிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. புதுச்சேரிப் பக்கம் போய்த் திரும்பிய மாட்டுவண்டியில், துவைக்க ஒரு கல் ஏற்றி வந்து இடுப்புயரத்தில் போட்டேன். அதன்மேல் நெளிநெளியாக ஒரு தடம்.

“செஞ்சி பூரா கல்லு கெடக்குது. நாகம் ஊர்ந்த கல்லத்தான் ஏத்தியாந்தியா? இதுல துணி அடிக்க மாட்டேன்” என்று மறுபடி தரையில் குனிந்தாள்.

கோட்டை பார்க்க வந்த காலேஜ் வாத்தியார் ஒருவர் தண்ணீர் கேட்டு வந்தார். கல்லைத் தடவிப் பார்த்தார். “பாம்பு இல்லம்மா. இந்தக் கல்லு சேறா இருந்தப்போ புழு போன வழி. இங்க உள்ள பூந்து, அங்க வெளிய வந்திருக்குது பாருங்க.”

“புழு மட்டும் ஆத்தா படைச்ச உசுரு இல்லியா?” என்றவள் என்னைப் பார்த்தாள். “கவுத்துப் போடுய்யா.”

ரேஷன் கஞ்சி குடித்த உடம்பில் தெம்பே இல்லை. அங்காளம்மா என்று மூச்சைப் பிடித்து, தடம் அடியில் போகப் புரட்டினேன். அன்று அவள் நிமிர்ந்து நின்று துவைத்தாள். நான்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.