கொழும்புக்குப் போன சாட்சி

அன்றைக்கு அந்த வராந்தாவில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

நான். காத்தான்குடிப் புடைவை வியாபாரி மீராலெவ்வை — எனக்கு அண்ணன் மாதிரி, காக்கா என்றே கூப்பிடுவேன். உன்னிச்சைக் குளத்தடியில் வேளாண்மை செய்கிற கந்தப்பண்ணன். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பியூன். அவ்வளவுதான். கதவுக்கு உள்ளே என் தம்பி சிவம். அவனுக்கு எதிரே மூன்று புரொபெசர்மார்.

இடம், கொழும்பில் சர்வகலாசாலை. நேரம், முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் எதற்கும் கவலைப்படுகிறவன். மழை வந்தால் ஆறு பெருகுமே என்று கவலை. வராவிட்டால் வேளாண்மை போகுமே என்று கவலை. பரீட்சை என்றால் கேட்கவே வேண்டாம். ஏழாம் வகுப்பில் இன்ஸ்பெக்டர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். விடை தெரியாது. 'தெரியாது' என்று சொல்லவும் பயம். வயிற்றுவலி என்று வெளியே போனவன்... இன்னும் வகுப்புக்குத் திரும்பவில்லை. மிச்சப் படிப்பெல்லாம் அச்சுக்கூடத்தில், ஈய எழுத்துப் பொறுக்கிப் பொறுக்கி வந்ததுதான்.

அப்படிப்பட்டவனின் தம்பி எம்.ஏ. படிக்கிறான்!

எம்.ஏ.க்கு ஒரு வாசல் இல்லை, மூன்று. முதலில் படித்தது முழுவதிலும் எழுத்துப் பரீட்சை, நாலு நாள். அதில் தேறினால்தான் ஆராய்ச்சிக் கட்டுரை எழுத விடுவார்கள். கட்டுரையை டைப் அடித்து, பைண்ட் பண்ணிக் கொடுத்த பிறகு வாய்ப் பரீட்சை. முதல் இரண்டையும் சிவம் தாண்டிவிட்டான். அவன் எழுதியது உன்னிச்சைப் பக்கத்து வட்டை ஒன்றைப் பற்றி. (கொழும்பு வாசகர்களுக்காக: வட்டை என்றால் வயல்வெளி.) ஒரே வாய்க்கால் தண்ணீரை அத்தனை பேரும் எப்படி முறை வைத்துப் பங்கிடுகிறார்கள் என்பதுதான் விஷயம். இரண்டு வருஷ உழைப்பு.

மூன்றாம் வாசலைப் பற்றி அவன் போட்ட கடிதம்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. 'மூன்று பேர் எதிரே இருந்து கேள்வி கேட்பார்கள். ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் சொல்ல வேண்டும். அவர்கள் நம்பாவிட்டால் பட்டம் இல்லை, அண்ணா.'

கடிதத்தைக் காக்காவிடம் காட்டினேன். அவர் கோடு (நீதிமன்றம்), கச்சேரி எல்லாம் கண்டவர்.

"இது வழக்குத்தான் மனே," என்றார். "மூணு நீதவான் இரிக்கான். உண்ட தம்பி கூண்டில நிக்கிற எதிரி. ஆதாரம் கேக்கான். சாட்சி ஆரு?"

"சாட்சியா?"

"சாட்சி இல்லாமப் போனா வழக்கு வெல்லுற எப்பிடி?"

எனக்கு அது நியாயமாகவே பட்டது. உங்களுக்குச் சிரிப்பு வரலாம். சர்வகலாசாலையை நான் எங்கே கண்டேன்? வழக்குக் கோட்டைத்தான் கண்டிருக்கிறேன்.

கட்டுரை ஆங்கிலத்தில். ஆனாலும் சிவம் எனக்குத் தமிழில் சொல்லியிருக்கிறான். ஐந்தாம் அத்தியாயம் முழுக்கக் கந்தப்பண்ணன் சொன்னதுதான். 'இந்த வட்டையில் தண்ணீருக்காக ஒரு நாளும் சண்டை வந்ததில்லை' — அவன் கட்டுரைக்கு அதுதான் நடுத்தூண். ஆகவே உன்னிச்சைக்குப் போய்க் கந்தப்பண்ணனைக் கூப்பிட்டேன்.

"நான் சொன்னதை நானே வந்து சொல்லுறன். அதுக்கென்ன?" என்று வேட்டியை மாற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். கையில் ஒரு முட்டி எருமைத் தயிர், புரொபெசர்மாருக்காம். அது லஞ்சமாகிவிடுமோ என்று எனக்கு ஒரு புதுக் கவலை.

மூவரும் ரயிலேறினோம். காக்காவுக்கு எப்படியும் கொழும்பில் துணி எடுக்கிற வேலை இருந்தது. பொல்காவலையில் விடிந்தது. நான் டீ வாங்கி வந்தேன். கந்தப்பண்ணன் முகம் கழுவுவதற்குச் சட்டைக் கையை மடித்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு நீளத் தழும்பு.

"இதென்ன, கரடி புறாண்டினதா?" என்றார் காக்கா.

"கரடியா? எண்ட மச்சான் வேலுப்பிள்ளை! மண்வெட்டியால போட்டான். எண்ட முறைத் தண்ணியை அவண்ட வயலுக்கு மறிச்சான். கேக்கப் போனன். அஞ்சு வருசமாச்சு. இண்டைக்கும் கதை பேச்சில்ல."

டீ என் கையிலேயே ஆறிப்போனது.

"அண்ணன்... தம்பிக்கிட்ட சண்டையே இல்லெண்டு சொன்னீங்களே?"

"மறுகா, வேறென்ன சொல்லுற? ஆரெண்டே தெரியாத பொடியன், கொப்பியும் கையுமா வந்து, 'உங்களுக்குள்ள சண்டை இரிக்கா' எண்டு கேட்டா, ஓமெண்டு சொல்லுவனா? அவன் எண்ட தங்கச்சிட புரிசன். அவண்ட மானம் போனா ஆர்ர மானம் போகும்?"

வெட்டியவனின் மானத்தை வெட்டுப்பட்டவர் காக்கிறார்!

காக்கா என் காதோடு, "நம்மட சாட்சியே நம்மளக் கவுத்துப்போட்டானே மனே," என்றார்.

அங்கிருந்து மருதானை வரைக்கும் நான் பட்ட பாடு! சிவத்திடம் சொல்வதா, விடுவதா? சொன்னால் உள்ளே போகுமுன்பே உடைந்துபோவான். சொல்லாவிட்டால் ஒரு பொய்யைக் காப்பாற்ற மூன்று பேரோடு மல்லுக்கட்டுவான். யோசித்து நல்ல முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால் — வயிற்றுவலி வந்துவிட்டது. இந்த முறை நிஜமாகவே.

வராந்தாவில் எங்களைக் கண்டதும் சிவம் திகைத்துப் போனான். காற்சட்டையும் டையுமாக, யாரோ வீட்டுப் பிள்ளை போல நின்றான்.

"அண்ணா! இவங்க எல்லாம் ஏன் வந்த?"

"சாட்சி," என்றேன்.

அவன் சிரிப்பான் என்றுதான் நினைத்தேன். சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டான். சில்லென்று இருந்தது. சின்ன வயதில் தன்னாமுனையிலிருந்து தோணியில் போகும்போது, தோணி ஒருபக்கம் சாய்ந்தால் இப்படித்தான் பிடிப்பான்.

கூப்பிடப் பத்து நிமிஷம் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன்... கந்தப்பண்ணன் என்னை ஒதுக்கிவிட்டு முன்னுக்கு வந்தார். சட்டைக் கையை மடித்தார்.

"தம்பி, நான் உனக்குப் பொய் சொல்லிப்போட்டன். நீ எழுதினதுக்குள்ள இது இல்ல." கையை நீட்டி, ஒன்று விடாமல் சொன்னார்.

சிவம் கிட்ட வந்தான். தழும்பை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான்.

"இப்பவும் நோகுதா அண்ணன்?"

"மழைக்குத்தான்."

பியூன் அவன் பெயரைக் கூப்பிட்டான்.

ஒன்றேகால் மணித்தியாலம். நான் வராந்தாவில் நடந்தேன். காக்கா தனக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். கந்தப்பண்ணன் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, "எண்ட பேரை எப்பக் கூப்பிடுவாங்க?" என்று ஐந்து தடவை கேட்டார். கூப்பிடவேயில்லை.

கதவு திறந்தது. சிவம் வந்தான். டை ஒரு பக்கம் போயிருந்தது.

உள்ளே நடந்ததை அவன் சொன்னபடி சொல்கிறேன். கதிரையில் உட்காருமுன்பே, 'ஐந்தாம் அத்தியாயம் பிழை' என்றானாம். 'எப்போது தெரியும்?' 'பத்து நிமிஷத்துக்கு முன்னால்.' மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். பிறகு அந்த அத்தியாயத்தைப் பற்றிக் கேட்ட எல்லாவற்றுக்கும் அவன் சொன்ன விடை ஒன்றுதான்: 'தெரியாது, ஐயா. போய் விசாரிக்க வேண்டும்.'

மற்ற அத்தியாயங்கள் ஏற்றுக்கொள்ளப்பட்டன. ஐந்தாவதை மூன்று மாதத்துக்குள் விசாரித்துத் திருத்தி எழுதிக் கொடுத்தால் பட்டம். கொடுக்காவிட்டால் இல்லை.

ஏழாம் வகுப்பில் என் வாயில் வராத அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கு, எங்கள் வீட்டில் ஒருவன் எம்.ஏ. வரைக்கும் படிக்க வேண்டியிருந்திருக்கிறது! எழுத்துப் பரீட்சையில் தெரிந்ததை எழுதிவிடலாம். தெரியாததைத் தெரியாது என்று மூன்று பேர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எத்தனை பேரால் முடியும்? நீங்கள் கடைசியாகச் சொன்னது எப்போது?

தயிர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மரநிழலில் உட்கார்ந்து, காக்கா கொண்டுவந்த பங்கீட்டுக் கூப்பன் சீனியைப் போட்டு நாங்களே முடித்தோம். பியூனும் சேர்ந்துகொண்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை சிவமும் நானும் உன்னிச்சைக்குப் போனோம், மச்சான் வேலுப்பிள்ளையை விசாரிக்க. கந்தப்பண்ணன் வழிகாட்ட வந்தார். வேலிக்கு உள்ளே மட்டும் வர மாட்டேன் என்று வெளியே நின்றுகொண்டார்.

வேலுப்பிள்ளை வெற்றிலையை மென்றபடி எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"கந்தப்பன் கொழும்பு மட்டும் போய்க் கையைக் காட்டினானாமே?"

"ஓம்," என்றான் சிவம். கொப்பியைத் திறந்தான்.

அவர் திரும்பி உட்கார்ந்தார். வெறும் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, ஒரு சாண் தழும்பு.

"அப்ப இதை ஆர் எழுதுற? முதல் அடி அவண்ட!"

"முதல் அடி உண்டடா!" என்று வேலிக்கு வெளியே இருந்து ஒரு சத்தம்.

ஐந்து வருஷத்துக்குப் பிறகு இருவரும் பேசிய முதல் பேச்சு அது. சிவத்தின் பென்சில் அப்படியே நின்றது. எனக்கு மண்வெட்டி எங்கே இருக்கிறது என்று கவலை.

வேலுப்பிள்ளை வெற்றிலையைத் துப்பினார். "வேலிக்கு வெளிய நிண்டு கத்தாத. உள்ள வந்து சொல்லு. பொடியன் எழுதட்டும்."

கந்தப்பண்ணன் வேலிப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். அவருடைய தங்கச்சி உள்ளேயிருந்து ஓடிவந்து பாயை விரித்தார். பொழுது சாயும் வரைக்கும் இருவரும் மாறி மாறிச் சண்டை பிடித்தார்கள். சிவம் எழுதிக்கொண்டேயிருந்தான். ஒரு கொப்பி முடிந்து அடுத்ததும் பாதி.

புறப்படும்போது கந்தப்பண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, கோட்டில சாட்சிக்குப் படி குடுப்பாங்க. நாளுக்கு ஒண்டரை ரூபா."

"உங்கட பேரைக் கூப்பிடவே இல்லையே அண்ணன்?"

"கூப்பிடாட்டி? போன சாட்சி போன சாட்சிதானே!"

"அப்ப எனக்கும் ஒரு நாள் படி," என்றார் பாயிலிருந்து மச்சான்.

கொழும்பு ஒன்று, இது ஒன்று என்று கந்தப்பண்ணனுக்கு இரண்டு நாள், வேலுப்பிள்ளைக்கு ஒரு நாள் — சாட்சிப் படியாக நான் இன்னும் கொடுக்க வேண்டியது நாலு ரூபாய் ஐம்பது சதம்.