சிவப்பு வாசலுக்கு வெளியே

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, ஜப்பானியக் கார்ட்டூன் படங்களில் வரும் ஆவிகளைப் பற்றிக் கட்டுரை எழுத எடுத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது, இன்றும் இருக்கிறது. லண்டன் ஈஸ்ட் ஹாமில் மரக்கறிக் கடைக்கு மேலே இருந்த எங்கள் வீட்டில், நூலகத்து வீடியோ கசெட்டுகளைப் போட்டுப் பார்ப்பேன். அம்மாவும் வந்து உட்காருவார். திரையின் அடியில் ஓடும் ஆங்கிலத்தை நான் தமிழில் சொல்லவேண்டும்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் சாமிவிளக்கு எரியவில்லை. போருக்குள் யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்ட அண்ணா, அங்கிருந்து வெளியேறக் கிளாலிக் கடலைக் கடக்கப் படகேறினார் என்பதோடு செய்தி நின்றுவிட்டது. சாவு விழுந்த வீட்டுக்குத் துடக்கு, அதாவது தீட்டு. அந்தியேட்டி செய்து ஆன்மாவை அனுப்பும்வரை கோயிலுக்குள் போகக்கூடாது, விளக்கு ஏற்றக்கூடாது. போனவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத வீட்டுக்கு என்ன முறை என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. அம்மா சாமிப்படங்களுக்குத் திரையை இழுத்துவிட்டார்.

அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. பெற்றோல் நிலையத்து ஷிப்ட் முடிந்து வந்ததும் தொடங்குவார்.

"அவன் இருக்கிறான் எண்டால் விளக்கைக் கொளுத்து. இல்லையெண்டால் சொல்லு, ஐயரைக் கூப்பிட்டு அந்தியேட்டியைச் செய்வம். ரெண்டிலை ஒண்டு சொல்லு."

"உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு அந்தியேட்டியோ?"

"அப்ப ஏன் திரையை இழுத்து விட்டனி?"

அம்மா அடுப்பங்கரைக்குப் போய்விடுவார்.

ஒரு ஞாயிறு பிற்பகல், மழை. மலைக் கிராமத்துச் சிறுமி ஒருத்தியின் படம் ஓடிக்கொண்டிருந்தது. வைக்கோல் கயிறு கட்டிய பெரிய மரம், அதற்குள் குடியிருக்கும் ஆவி, கோயிலுக்கு ஏறும் கற்படிகள், அவற்றின் அடியில் சிவப்பு வாசல்.

"எங்கடை ஊர் மரத்தடி வைரவர் மாதிரி," என்றார் அம்மா.

"ஜப்பானிலை வைரவருக்கு வடைமாலை கிடைக்காது, பாவம்," என்றார் சோபாவில் படுத்திருந்த அப்பா.

"நீங்கள் பேசாமல் கிடவுங்கோ. பிள்ளை, நீ சொல்லு."

சிறுமியின் தாய் இறந்துபோகிறாள். மறுநாள் ஊரே திருவிழாவுக்குப் படியேறுகிறது. சிறுமி மட்டும் சிவப்பு வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறாள். அந்த இடத்தில் வசனமே இல்லை. தோளில் பாசி படிந்த அந்த மரத்து ஆவி மெல்லப் படியிறங்கி வருகிறது. வாசலைத் தாண்டவில்லை. உட்பக்கத்தில் அதுவும் வெளிப்பக்கத்தில் அவளுமாக, இருட்டும்வரை நிற்கிறார்கள்.

சாவைத் தீட்டாக நினைப்பது அவர்களின் ஷிண்டோ வழக்கத்திலும் உண்டு என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அதை அம்மாவுக்குச் சொல்லத் திரும்பினேன். அம்மா அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளியிலை நிண்டாலும் சாமிக்குத் தெரியுது, என்ன?" என்று கேட்டார்.

"அது வெறும் படமணை, அம்மா," என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா, "கோயிலடிக்குப் போட்டு வருவம்," என்றார். பழைய மண்டபம் ஒன்றைக் கோயிலாக்கியிருந்தார்கள். அம்மா உள்ளே போகவில்லை, தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்றார். கதவு திறந்து மூடும்போது மணிச் சத்தமும் கற்பூர வாசமும் வந்தன. பேருந்துகள் எங்களுக்கும் கோயிலுக்கும் நடுவே போயின. நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 

ஊரில் எங்கள் ஒழுங்கையில் அயல்வீட்டில் இருந்த ஒரு பெண், அர்ச்சனைத் தட்டோடு வந்தவர், எங்களைக் கண்டு தெருவைக் கடந்து வந்தார்.

"என்னக்கா, மழைக்கை நிக்கிறியள்? பூசை தொடங்கப் போகுது, வாங்கோ!" என்று அம்மாவின் கையைப் பிடிக்க வந்தார்.

அம்மா சட்டென்று பின்னால் நகர்ந்தார்.

"தொடாதையும். எங்களுக்குத் துடக்கு."

அந்தப் பெண் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "ஐயோ, செத்தவீடோ? ஆர் அக்கா மோசம் போனது?"

அப்பா எத்தனையோ தடவை கேட்டும் வராத பதிலுக்காக, நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஒரு பேருந்து கடந்து போனது. அம்மா எதிர்ப்பக்கத்துக் கோயில் கதவைப் பார்த்தார்.

"என்ரை மூத்தவன்," என்றார்.