கம்பு ஆடிய நேரம்

இரணியல் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். அது ஓட்டுக் கட்டிடமாக இருந்த காலத்தில் அங்கேயே படித்தவள். உயரம் தாண்டுதலில் பள்ளிச் சாதனை அன்றிலிருந்து என்னுடையதுதான்.

போன விளையாட்டு விழாவில் நானே நடுவர். பத்தாம் வகுப்பு ஷைனி என் சாதனை உயரத்துக்கும் மேலே தாண்டினாள். கால் உரசியதில் கம்பு ஆடியது. ‘விழுந்துவிடு’ என்று என் மனசு சொன்னது. கம்பு விழவில்லை. வெள்ளைக் கொடியை உயர்த்தினேன்.

ஷைனி மூச்சிரைக்க ஓடி வந்தாள். “டீச்சர், ஒங்க ரெக்கார்டு போச்சே. வெசனமா இருக்கா?”

“கொஞ்சம் உண்டு மக்கா.”

“எனக்குன்னா அழுகையே வந்திருக்கும் டீச்சர்,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மீதியை அவளிடம் நான் சொல்லவில்லை. பாடம் முடியவில்லை என்று அவள் வகுப்பின் விளையாட்டுப் பீரியடை வழக்கமாகக் கேட்டு வாங்குவதை மட்டும் மறுநாளே நிறுத்திவிட்டேன்.