மலை இல்லாத பக்கம்

சகாதேவன் தினமும் காலையில் பூசும் விபூதி நெற்றியின் நடுவோடு நின்றுவிடும். வலப்பக்கம் மூன்று பட்டையும் அழுத்தமாக விழுந்திருக்கும். இடப்பக்கம் வெறும் நெற்றி. கண்ணாடியைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். மனைவி வேதா பின்னாலேயே போய் மீதியைத் தன் விரலால் இழுத்துவிட்டால், பூசின நெற்றியை எதற்குத் துடைக்கிறாய் என்று சிடுசிடுப்பார்.

சட்டையும் அப்படித்தான். வலது கை நுழைந்துவிட்டால் போட்டாகிவிட்டது. தட்டில் வலப்பக்கத்து இட்லி இரண்டும் தீரும், இடப்பக்கத்து இரண்டும் ஆறிக் கிடக்கும். இன்றைக்கு இரண்டுதானா என்று கேட்பார். வேதா தட்டை அரைச் சுற்று சுற்றிவிடுவாள். புதிதாக இரண்டு வந்துவிட்டதாக நினைத்துச் சாப்பிடுவார். ஐந்து மாதமாக அவள் தட்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

பங்குனிக் கடைசியில் ஒரு மத்தியானம், செங்கம் சாலை ஸ்டாண்டில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்தபடியே சரிந்தவர் அவர். பக்கவாதம் என்றார்கள். இடது கையும் காலும் துவண்டு கிடந்தன. இரண்டு மாதத்தில் எழுந்து நடந்துவிட்டார். பிழைத்தது பெரிய விஷயம் என்று ஊரே சொன்னது. வேதாவும் அப்படித்தான் நினைத்தாள். கையும் காலும் திரும்பி வந்த பிறகுதான், வராமல் போனது எது என்று அவளுக்குத் தெரியத் தொடங்கியது.

ஐம்பத்து மூன்று வயது. இருபத்து நான்கு வருடம் ஆசிரமப் பகுதியில் ஆட்டோ ஓட்டியவர். எந்த விடுதியில் எந்த வெள்ளைக்காரர் தங்கினார், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பது வரை இப்போதும் சொல்வார். பேச்சு குழறவில்லை, ஞாபகம் பிசகவில்லை, கேலிக்கும் குறைவில்லை. வலப்பக்கமாக உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசியவர்கள், மனுஷன் கல்லாட்டம் இருக்கிறார், நீதான் அவரை வியாதிக்காரராக்கி வைத்திருக்கிறாய் என்று வேதாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் ஊரான அடி அண்ணாமலையில் அப்படிச் சொல்லாத வீடு கம்மி.

கண்ணில்தான் கோளாறு என்று முதலில் கண் முகாமுக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடி கொடுத்தார்கள். அதிலும் வலது வில்லையை மட்டும் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு டவுனில் பிசியோதெரபி செய்யும் எழிலரசி என்ற பெண்தான் அவளை உட்காரவைத்து விளக்கினாள். கண்ணில் குறையில்லை. காதுக்கு மேலே, கொஞ்சம் பின்னால், வலது பக்க மூளையில் ஓர் இடம் இருக்கிறது. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே அதுதான் நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அங்கே ரத்தம் போகாமல் செத்துவிட்டது.

அப்படியென்றால் அந்தப் பக்கம் அவருக்கு இருட்டாகத் தெரியுமா என்று வேதா கேட்டாள்.

"உங்க முதுகுக்குப் பின்னாடி இப்ப இருட்டாவாம்மா இருக்கு?" என்றாள் எழிலரசி.

வேதா யோசித்தாள். இருட்டாக இல்லை. வெளிச்சமாகவும் இல்லை. அங்கே ஒன்றுமே இல்லை, இல்லை என்ற குறையும் இல்லை.

"அவருக்கு இடது பக்கம் அப்படித்தான். இல்லாததை எப்படித் தேடுவாரு?"

நாம் உலகத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூளை எடுத்துக் கொடுத்ததைப் பார்க்கிறோம், அவ்வளவுதான். கொடுக்காமல் விட்டதைப் பற்றி அது மூச்சுவிடுவதில்லை. வேதாவுக்கு இது புரிந்துவிட்டது. புரிந்ததால் ஒரு வேலையும் சுலபமாகவில்லை. புரியாத நாட்களில் திட்டவாவது முடிந்தது.

ஆவணிப் பௌர்ணமிக்குப் பத்து நாள் இருக்கும்போது, இந்தப் பௌர்ணமிக்கு வண்டியை எடுக்கப்போவதாக சகாதேவன் அறிவித்தார். வீட்டுப் பக்கவாட்டில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் ஆட்டோவின் சாவியை அவர் இடுப்பில், வலப்பக்கம், அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருந்தார். சட்டைப்பை இடப்பக்கம் இருப்பதால் அவருக்குச் சட்டைப்பையே கிடையாது. தூங்கும்போது அவிழ்க்கலாமென்றால் கை பட்டதும் விழித்துக்கொள்வார். வேறொரு ஓட்டுநருக்கு விடலாமென்றால், பொஞ்சாதி புருஷனை வீட்டில் பூட்டப் பார்க்கிறாள் என்று அவரிடமிருந்து ஸ்டாண்டுக்கே போன் போகும்.

வேதா பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். கிரிவலம் வருகிறவர்கள் சாலையின் இடது ஓரமாகத்தான் நடப்பார்கள். மலையடி ஓரம் சித்தர்கள் நடக்கிற பக்கம் என்று விட்டுவிடுவார்கள். அன்றைக்கு டவுன் தெருக்களிலும் அப்படித்தான் கூட்டம் இடது ஓரத்தை அடைத்துக்கொண்டு போகும், குழந்தைகளும் முதியவர்களும் வெறுங்காலோடு. சகாதேவனின் வண்டி போகும்போது அந்த ஓரம் முழுக்க அவருக்கு ஆளே இல்லாத ஓரம்.

எழிலரசி ஒரு யோசனை சொல்லியிருந்தாள். அவர் ரொம்ப ஆசையாகத் தேடுகிற பொருளை எப்போதும் இடப்பக்கம் வையுங்கள், தேடித் தேடித் தலை திரும்பினால் அந்தப் பக்கம் கொஞ்சமாவது பழகும். வேதா டிவியை நகர்த்தி வைத்துப் பார்த்தாள். டிவியை விற்றுவிட்டாயா என்று கேட்டார், அதோடு சரி. அவர் ஆசையாகத் தேடுவது வேறு என்ன இருக்கிறது என்று சமையல் வேலை பார்க்கும் விடுதியில் வெண்பொங்கல் கிண்டிக்கொண்டே யோசித்தாள். விடுதிச் சமையலறை ஜன்னலில் மலை தெரிந்தது.

மலைதான். வீட்டை விட்டு இறங்கினால் மலையைப் பார்த்துக் கும்பிடாமல் ஓர் அடி வைக்க மாட்டார். அந்த மலை இடப்பக்கம் வரவேண்டுமென்றால் கிரிவலப் பாதையில் எதிர்த்திசையில் நடக்க வேண்டும். வலம் வருகிறவர்களுக்கு மலை எப்போதும் வலது கைப் பக்கம். எதிர்த்திசையில் அவர் ஆயிரம் தடவை போயிருக்கிறார், ஆட்டோவில். வண்டியில் போவது பாவக் கணக்கில் வராது என்பது அவருடைய தீர்ப்பு. காலால் ஒரு நாளும் நடந்ததில்லை. வேதாவும் நடந்ததில்லை. ராத்திரி முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மறுநாள் லீவு சொன்னாள்.

ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போய் எல்லோரையும் பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனாள். காலை ஏழு மணி, செவ்வாய்க்கிழமை, பாதையில் கூட்டம் இல்லை. அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கமாகவே நடந்தாள். நூறு அடி போவதற்குள் அவர் நின்றுவிட்டார்.

"மலை எங்க?"

இந்தப் பக்கம் பாருங்க, என் குரல் வர்ற பக்கம் திரும்புங்க என்றாள். குரல் வந்தது, அவர் அதை வலப்பக்கத்தில் தேடினார். அங்கே ஒரு டீக்கடையும் இரண்டு ஆடுகளும் இருந்தன. கையை இழுத்தாள். அவர் முகத்தில் முதலில் எரிச்சல் வந்தது, பிறகு வேதா அதுவரை பார்க்காத ஒரு பயம். இது நம் ஊரில்லை, எங்கேயோ கொண்டுவந்துவிட்டார்கள் என்று முணுமுணுத்தார். அப்புறம் வலப்பக்கமாகத் திரும்பினார். திரும்பிக்கொண்டே போனார். டீக்கடை, ஆடுகள், வந்த வழி எல்லாம் கடந்து, உடம்பு அரைச் சுற்றுக்கு மேல் சுழன்று நின்றபோது மலை அவருடைய வலது கைப் பக்கம் வந்துவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு எல்லோரும் வலம் போகிற திசையில், நிம்மதியாக, வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

வேதா ஓடிப்போய்த் திருப்பினாள். மறுபடி சுழன்றார். மூன்றாவது தடவை அவள் அவர் கையைக் கட்டிக்கொண்டு நடுப்பாதையில் அழுதுவிட்டாள். அப்போது எதிரே ஆட்டோவில் வந்த இளஞ்செழியன், ஸ்டாண்டில் அவருக்கு அடுத்த வண்டி ஓட்டுகிறவன், அவர் சரிந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனவன், செல்லில் இதைப் படம் பிடித்துக்கொண்டே இறங்கினான்.

"அண்ணி, நீங்க தப்பான பக்கம் இழுக்கிறீங்க, அண்ணன் உடம்பு போவ மாட்டேங்குது. மலையே வழி காட்டுது அவருக்கு. இன்னாத்துக்கு அழுவுறீங்க?"

மூளை, ரத்தம், வலது பக்கம் என்று வேதா விளக்கினாள். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அந்த மூளையை யாரு அண்ணி படைச்சது என்றான்.

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ ஸ்டாண்டு குரூப்பிலிருந்து ஊர் குரூப்புகளுக்குப் போய்விட்டது. மறுநாள் முதல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வாழைப்பழம், எலுமிச்சை, ஒருவர் சால்வைகூடக் கொண்டுவந்தார். சகாதேவன் நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரிடமும் கதை சொன்னார். வீடியோவைக் காட்ட வந்தவர்களை, நடந்தவனுக்கு எதற்குப் படம் என்று கையசைத்து மறுத்துவிட்டார். கதையில் அவர் தனியாக நடந்து போனார். வழி தவறியது. மலை கூப்பிட்டது.

"தனியாவா போனீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"தனியாத்தான். இவளை வாடின்னேன், வரல."

இடப்பக்கம் காபி டம்ளரோடு நின்றிருந்த வேதாவுக்கு டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வந்தவர்கள் அவளைப் பார்த்த பார்வையில், அவள்தான் கட்டிய புருஷனைத் தப்பு வழியில் இழுத்தவள் என்று இருந்தது. போகும்போது எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். அவருக்கு மலை துணை, வண்டி எடுக்கட்டும், நீ தடுக்காதே. எழிலரசிக்குப் போன் செய்தாள். வண்டி மட்டும் கொடுக்கவே கூடாது என்று அந்தப் பெண் மூன்று தடவை சொன்னாள். அதை யாரிடம் சொல்வது? ஊருக்கு முன்னால் அவள் பேச்சு செல்லாமல் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

பௌர்ணமிக்கு முந்தின நாள் மத்தியானம் விடுதியிலிருந்து வந்தபோது, தார்ப்பாய் ஒரு பக்கம் விலகிக் கிடந்தது. சகாதேவன் வண்டியைக் கழுவி முடித்து, துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். அவர் நின்ற இடத்திலிருந்து வலப்பாதி பளபளவென்று மின்னியது. இடப்பாதியில் ஐந்து மாதத் தூசி அப்படியே இருந்தது, பூனைக் கால்தடங்களோடு. நடுவில் கோடு கிழித்தமாதிரி.

"எப்டி இருக்கு?" என்றார் பெருமையாக.

வேதாவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அவரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, தன் செல்லில் இருந்த வீடியோவை எடுத்தாள். அவளும் அதைக் கடைசிவரை பார்த்ததில்லை. உடம்பு எப்படிச் சுழல்கிறது என்று அவரே பார்க்கட்டும், அதற்கு மேல் தன்னால் முடியாது என்று நினைத்து, செல்லை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

அவர் பார்த்தது அதை அல்ல. அது எதிரே வந்தவன் எடுத்த படம். அதில் அவருடைய இடப்பக்கம் திரையின் வலப்பக்கமாகியிருந்தது. சுழல்கிற சகாதேவன் திரையின் இடப்பாதியில் இருந்தார், அது அவருக்கு இல்லை. வலப்பாதியில் மலை இருந்தது. மலைக்கு முன்னால் கலைந்த தலையோடு ஒரு பெண், யாருடையதோ ஒரு கையை மார்போடு கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"இது நீதானே?"

"நான்தான்."

"யார் கையைப் பிடிச்சிட்டு அழுவுற?"

"உங்க கைதாங்க."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, மறுபடி போடச் சொன்னார். மறுபடி போட்டாள். அந்தக் கையில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றைத் தொட்டுப் பார்ப்பதுபோல் திரையில் விரல் வைத்தார். அதேமாதிரி கயிறு அவர் இடது மணிக்கட்டில் இருந்தது. வேதா அந்தக் கையைத் தூக்கி, வலப்பக்கம் கொண்டுவந்து, அவர் கண்ணுக்கு முன்னால் வைத்தாள். கையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ அன்னிக்கு வரலியே."

"உங்க கையைப் பிடிச்சிட்டுதான் வந்தேன். ஆரம்பத்துலேர்ந்து."

வீடியோ தானாகவே திரும்பத் திரும்ப ஓடியது. ஒவ்வொரு தடவையும் அவள் அழுதாள், ஒவ்வொரு தடவையும் இளஞ்செழியனின் குரல் மலையே வழி காட்டுவதாகச் சொன்னது.

"அந்தப் பக்கம் ஆளு நின்னா எனக்குத் தெரியாதா அப்ப?" என்றார் கடைசியில்.

ஐந்து மாதத்தில் அவர் கேட்ட முதல் சரியான கேள்வி அது. அதைக் கேட்டவரின் முகத்தைப் பார்த்தால், கேட்காமலே இருந்திருக்கலாம் என்று வேதாவுக்குத் தோன்றியது.

அவர் இடுப்பைத் தடவி முடிச்சை அவிழ்க்க முயன்றார். ஒரு கையால் வரவில்லை. இன்னொரு கையைக் கூப்பிட அவருக்குத் தோன்றவில்லை. வேதாதான் குனிந்து அவிழ்த்தாள். இளஞ்செழியனின் தம்பி வண்டியில்லாமல் இருக்கிறான், அவன் ஓட்டட்டும் என்றார். பிரேக்கை மட்டும் பார்த்து மிதிக்கச் சொல், கொஞ்சம் இறுக்கம் என்றார்.

சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வேதா செருப்பை மாட்டினாள். மனம் மாறுவதற்குள் கொடுத்துவிட வேண்டும். வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது, பழையபடி தெம்பாக.

"இந்தப் பௌர்ணமிக்கு மட்டும்தான்னு சொல்லிட்டு வா. அடுத்ததுக்கு நான் எடுக்கிறேன். வண்டியெல்லாம் பளிச்சுனு கழுவி வச்சிருக்கேன் பாரு."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மீதிப் பாதியை ராத்திரிக்குள் கழுவியாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.