ஜெபசீலனின் காகிதப் பட்டை

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து, சர்வர் ரேக்கின் கதவில் ஒட்டியிருக்கும் காகிதப் பட்டையைப் பார்க்கிறார் ஜெபசீலன். விரலகலம் வெள்ளைத் தாள். கதவுக்கும் சட்டத்துக்கும் குறுக்கே பசை தடவி ஒட்டி, கையெழுத்தில் பாதி கதவிலும் பாதி சட்டத்திலும் விழும்படி தேதியோடு போட்டிருப்பார். யார் திறந்தாலும் தாள் கிழிந்துவிடும். கதவுக்குப் பூட்டு உண்டு, சாவி செக்யூரிட்டியிடம் உண்டு, உத்தரத்தில் கேமரா உண்டு. அதையெல்லாம் எடுத்துச் சொன்னால் தலையை ஆட்டுவார். "நம்புறேன். ஆனா ஒரு தடவை பாத்துடுறேன்."

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினோரு வருடமாக சிஸ்டம் அட்மின். அஸ்தினாபுரத்தில் வீடு. பால் பாக்கெட்டில் அச்சிட்ட தேதியைப் படித்த பிறகும் முகர்ந்து பார்ப்பார். கேஸ் சிலிண்டர் வந்தால் தராசில் நிறுக்காமல் உள்ளே விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் வலது செருப்பை ஒரு தூண் அருகேயும் இடது செருப்பை எதிர்த் தூண் அருகேயும் விடுவார். திருடன் ஜோடி சேர்ப்பதற்குள் ஆராதனை முடிந்துவிடும் என்பது கணக்கு. மனைவி யூனிஸ் பள்ளி ஆசிரியை. "என்னையே நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டு, அந்த நாலு பேரையும் வேற நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டுத்தான் கட்டிக்கிட்டார்" என்று சிரிப்பார். ஜெபசீலன் சிரிக்கமாட்டார். எட்டு பேர் இல்லை, ஆறு பேர்தான் என்று திருத்துவார்.

அந்தத் திங்கட்கிழமை பட்டை கிழிந்திருக்கவில்லை. ஆனால் அது அவருடைய பட்டையே இல்லை. புதுத் தாள், நேர்க்கோடாக வெட்டியது, பசை ஓரம் வழியாமல் ஒட்டியது. கையெழுத்து இல்லை. 

கதவைத் திறந்தது யார் என்பது அவருக்குத் தெரியும். சனிக்கிழமை மைத்துனன் மகள் கல்யாணத்துக்கு மதுராந்தகம் போக வேண்டியிருந்ததால், நிர்வாக சர்வரைப் புது நெட்வொர்க் முகவரிக்கு மாற்றும் வேலையை, பன்னிரண்டு படிகளாக எழுதிக் கொடுத்து, சத்யபிரியாவிடம் அவர்தான் விட்டுப்போனார். பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிற பெண். இரண்டு வருடமாகக் கான்ட்ராக்டில் இருக்கிறாள். தங்கை சினேகாவின் நர்சிங் படிப்பு இவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. அதிகம் பேசமாட்டாள். அதிகம் பேசாதவர்கள் மேல் ஜெபசீலனுக்கு எப்போதும் ஒரு கண். அதிகம் பேசுகிறவர்கள் மேல் இரண்டு கண்.

திரையைப் போட்டுப் பார்த்தபோது சந்தேகத்துக்குக் கால் முளைத்துவிட்டது. அந்த அறையில் மூன்று பெரிய சர்வர்கள், ஹோஸ்ட் என்பார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டுப் பத்துக் கணினிகள் மென்பொருளாகவே குடியிருக்கின்றன. மூன்றையும் மேய்ப்பது நிர்வாக சர்வர். பத்து விநாடிக்கு ஒரு முறை ஒவ்வொரு ஹோஸ்டும் அதற்கு 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும். ஒரு நிமிடம் குரல் வராவிட்டால் பெயருக்கு நேரே சிவப்பு விழும். மூன்றாவது ஹோஸ்டுக்குச் சிவப்பு விழுந்திருந்தது. உள்ளே எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, கீழே ரிப்போர்ட்டுகள் அச்சாகிக்கொண்டிருந்தன. ஆனால் நிர்வாக சர்வரின் கண்ணுக்கு அது தெரியாததால் சனிக்கிழமையிலிருந்து பேக்கப் எடுக்கவில்லை. நோயாளிகளின் ரிசல்ட் முழுக்க இருப்பது அந்த மூன்றாவது பெட்டியில்தான்.

மேலாளர் ரத்தினம் விஷயத்தைக் கேட்டதும் முதலில் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னார். பண்ணினால் கீழே ரிப்போர்ட் நின்றுவிடும் என்றதும் வேறு பக்கம் போனார்.

"யார் கை வெச்சதுன்னு நாலு மணிக்குள்ள எனக்குப் பேர் வேணும் சார். அந்தப் பொண்ணோட கான்ட்ராக்ட் இன்னிக்குத்தான் கையெழுத்துக்கு வந்திருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் ரின்யூ பண்ணல."

ஜெபசீலன் முதலில் வாசலுக்குப் போனார். செக்யூரிட்டி பொன்னுசாமியின் நோட்டில் சத்யபிரியா உள்ளே போன நேரம் நீல மையில் இருந்தது, வெளியே வந்த நேரம் கறுப்பு மையில் இருந்தது.

"ஏன் ரெண்டு கலர்?"

"பேனா தீந்துபூட்ச்சு சார். இன்னா சார், என்னையப் போயி கேட்டுகினு கீறீங்க? அந்தப் பொண்ணு பத்து மணிக்கு வந்துச்சு, சாவி வாங்கினு போச்சு, ஒரு மணிக்குக் குட்துட்டுப் பூட்ச்சு. எழுதிதான் கீது."

தீர்ந்துபோன பேனாவை வாங்கிக் கிறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஜெபசீலன் மேலே வந்தார். தீர்ந்துதான் போயிருந்தது.

பிறகு பெட்டியோடு மல்லுக்கட்டினார். 'கனெக்ட்' கொடுத்தால் உடனே பச்சையாகிவிடும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். விநாடி முள் ஒரு சுற்று முடித்ததும் மறுபடி சிவப்பு. ஏழு தடவை கொடுத்தார், ஏழு தடவையும் அதே ஒரு நிமிடம். நிர்வாக சர்வரிலிருந்து கூப்பிட்டால் ஹோஸ்ட் பதில் சொல்லியது. ஹோஸ்டின் பெயரும் முகவரியும் பொருந்தின. இரண்டின் கடிகாரங்களும் ஒத்துப்போயின. கேபிளைப் பிடுங்கிப் புதுக் கேபிள் போட்டார். ஃபயர்வாலில் சத்யபிரியா எழுதியதை வரிவரியாகப் படித்தார். பன்னிரண்டு படியிலும் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. இவ்வளவு சுத்தமாக ஒருத்தி வேலை செய்தால் எதையோ மறைக்கிறாள் என்றுதானே அர்த்தம்?

அவளைக் கூப்பிட்டார். "ஏம்மா, பட்டையை நீதானே ஒட்டின? கையெழுத்து ஏன் போடல?"

"உங்க கையெழுத்த நான் போட முடியாது சார். என் கையெழுத்தப் போட்டா நீங்க ஒத்துக்கமாட்டீங்க."

பதில் நியாயமாக இருந்தது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"சார், ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். "இங்கேருந்து அது தெரியுதான்னுதான் காலைலேருந்து பாக்கிறீங்க. அது எந்த அட்ரஸுக்குப் பதில் சொல்லிட்டிருக்குன்னு அதுக்குள்ள போய்ப் பாத்தீங்களா?"

"கனெக்ட் குடுத்தாலே புது அட்ரஸ் தானாப் போயிடும்மா. தெரியாதா?"

"மத்த ரெண்டுக்கும் போயிருக்கு சார். நான் பாத்துட்டேன். மூணாவதோட பாஸ்வேர்ட் உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு."

மூன்றரை மணிக்கு ரத்தினம் அவளைத் தன் அறைக்கு வரச் சொல்லி அனுப்பினார். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, முகத்தில் எதையும் காட்டாமல் போனாள். சர்வர் அறையில் வேறு யாரும் இல்லாதபோதும் கீபோர்டை இடது கையால் மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டை அடித்தார் ஜெபசீலன். ஹோஸ்டின் உள்ளே, அது பதில் சொல்ல வேண்டிய முகவரி இருக்கும் கோப்பைத் திறந்தார்.

பழைய முகவரி அப்படியே இருந்தது. இரண்டு நாளாக அந்தப் பெட்டி காலி செய்துவிட்டுப் போன வீட்டு வாசலில் நின்று பத்து விநாடிக்கு ஒரு தடவை 'உள்ளேன் ஐயா' சொல்லிக்கொண்டிருக்கிறது. அடுத்த வரிதான் காரணம்: யார் புது முகவரி கொடுத்தாலும் வாங்காதே, பழையதையே வைத்துக்கொள் என்று ஹோஸ்டுக்குக் கட்டளையிடும் வரி. அது தானாக வராது. ஒருவர் மெனக்கெட்டு உள்ளே புகுந்து கையால் எழுதினால்தான் உண்டு.

பிடித்துவிட்டோம் என்று ஜெபசீலனுக்கு உடம்பு சிலிர்த்தது. நாற்காலி நுனிக்கு வந்தார். அந்த வரியின் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு இருந்தது. யாரும் தொட வேண்டாம், ஜே.எஸ்., 2019.

2019இல் வெளியிலிருந்து வந்த ஒரு இன்ஜினியர் கேட்காமல் முகவரியை மாற்றிவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது. அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு உட்கார்ந்து, இனி ஒரு பயல் மாற்ற முடியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இந்த வரியை எழுதியதும் நினைவுக்கு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது ரகசியம் இல்லையே! பன்னிரண்டு படிகளை எழுதும்போது அவருக்கே அது மறந்திருந்தது.

அந்த வரியை அழித்து முகவரியை மாற்றினால் போதும். ஒரு நிமிடத்தில் பச்சையாகிவிடும், ஏன் கெட்டது என்று யாருக்கும் தெரியாது. ரத்தினத்துக்குத் தெரிந்த பெயர் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ஜெபசீலன் கதவைத் திரும்பிப் பார்த்தார். தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்தார். அந்தக் கோணத்துக்குத் திரை தெரியாது, மாட்டியவரே அவர்தான். யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்று அவர் இப்படிப் பார்த்தது இதுதான் முதல் தடவை. காது மடல் சுட்டது. அவ்வளவு வெட்கம். கீபோர்டிலிருந்து கையை எடுத்து இன்டர்காமை எடுத்தார்.

"ரத்தினம் சார், மேல வாங்க. அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வாங்க."

ரத்தினம் வந்ததும் கேட்டார், "பேரு?"

"என் பேர எழுதிக்குங்க. நான் பண்ணது."

ரத்தினம் சிரித்தார். "பாவம் பாக்கறீங்களா சார்? நீங்களாவது, இப்படிப் பண்றதாவது. அந்தப் பொண்ணக் காப்பாத்தறீங்க."

"நம்புங்க சார்" என்றார் ஜெபசீலன். அந்த வார்த்தையை அவர் பிறரிடம் கேட்டுப் பழக்கமில்லை. சொல்லிப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு கெஞ்சலாக ஒலிக்கிறது என்று தெரிந்தது. திரையை ரத்தினத்தின் பக்கம் திருப்பினார். ரத்தினம் குனிந்து படித்தார், இன்னொரு தடவை படித்தார். "சரி, மொதல்ல சரி பண்ணுங்க" என்று ஜெபசீலனிடம் சொல்லிவிட்டு, "உன் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுடறேன்மா" என்று சத்யபிரியாவின் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கீபோர்டை சத்யபிரியாவின் பக்கம் தள்ளினார் ஜெபசீலன். அவள் வரியை அழித்தாள், புது முகவரியைப் போட்டாள், தகவல் அனுப்பும் நிரலை மட்டும் நிறுத்தி மறுபடி ஓட்டினாள். பச்சை விழுந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளும் அதே கடிகாரத்தைத்தான் பார்த்தாள். முள் ஒரு சுற்றுச் சுற்றியது. இரண்டு. ஐந்து சுற்று வரை இருவரும் எண்ணினார்கள். பச்சை மாறவில்லை.

காலையில் திறந்த ரேக்கின் கதவைச் சாத்திப் பூட்டினார். தாளைக் கிழித்து, பசை தடவி, குறுக்கே ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். தேதி போட்டார். பிறகு பேனாவைத் திருப்பிப் பிடித்து, அவளிடம் நீட்டினார்.