பாலில் ஊற்றிய சோளக் கிருமி

நாங்கள் மலேசியாவில் ஸ்ரீ கெம்பாங்கானில் குடியிருந்தபோது நடந்தது இது. என் மருமகள் சாந்திக்கு விவசாய ஆராய்ச்சி லேப்பில் வேலை. சோளத்தின் வேருக்குச் சத்தேற்றும் நல்ல கிருமிகளை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து, கொல்லையில் சோளம் விதைப்பதற்காக ஃபிரிட்ஜில் வைத்திருந்தாள். வெள்ளையாக இருந்ததால் உறைமோர் என்று நினைத்து, ஒரு கரண்டி எடுத்துப் பாலில் ஊற்றிவிட்டேன்.

மறுநாள் என் வீட்டுக்காரர் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சாந்தி ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

"அத்தே, இந்த பாட்டில் ஏன் கொறஞ்சிருக்கு?"

"உறை ஊத்தினேன்."

"ஐயோ, அது பாக்டீரியா! மாமா, துப்புங்க!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. டாக்சியில் கிளினிக்குக்கு ஓடினோம். வழியெல்லாம் அவர் கையை விடாமல் முருகனைக் கூப்பிட்டேன். சாந்தி சொன்ன கிருமியின் பெயரைக் கேட்டு, அவரைச் சோதித்துப் பார்த்தார் டாக்டர்.

"மண்ணுல இருக்கிறதுதான் அங்கிள், பயப்படாதீங்க. காய்ச்சல் வந்தா உடனே வாங்க."

அதன் பிறகுதான் என் வீட்டுக்காரருக்கு வாய் வந்தது. "என் தலையில சோளம் மொளைக்கப் போவுது லா!"

"மொதல்ல முடி மொளைக்கட்டும்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

இப்போதெல்லாம் ஃபிரிட்ஜில் எதைத் தொட்டாலும் சாந்தியைக் கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன். என் வீட்டுக்காரரோ, நான் முதலில் ஒரு வாய் சாப்பிட்டால்தான் தயிரைத் தொடுகிறார்.