எதுக்குக் கை தூக்கணும், மிஸ்?

அடுக்குமாடி மேனேஜ்மென்ட் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்துவிட்டால், லிஃப்ட் நின்றாலும் நாம்தான் காரணம், மழை பெய்தாலும் நாம்தான் காரணம். உங்களுக்கும் ஒரு கவுண்டர் வாய்த்திருந்தால் நான் சொல்வது புரியும். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் கட்டடத்தின் விதிகளைத் திருத்த ஓட்டெடுப்பு என்று நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து, எப்படி ஓட்டுப் போடுவதென்று தெரியாத எல்லோரும் என் முன்னால்தான் வந்து நின்றார்கள்.

டைப் அடித்த பாவம்

தீர்மானம் ஒரே வரிதான்: காரிடாரில் எந்தப் பொருளையும் வைக்கக் கூடாது. கட்டடக் கமிட்டி மனதில் வைத்திருந்தது வாசலில் செருப்பு அடுக்கும் சப்பாத்து ரேக்குகளை. டைப் அடித்தது நான். ஒட்டிவிட்டு, ஒரு கடிதம் கொடுக்க மூன்றாவது மாடிக்குப் போனபோதுதான் செய்த தப்பு தெரிந்தது. அங்கே செல்வம் அண்ணனின் பேட்டரி வண்டி நின்றது. அவரால் நடக்க முடியாது. வண்டி அவர் வீட்டுக் கதவுக்குள் நுழையாது, அதனால் காரிடாரில்தான் நிற்கும். அதில் ஏறித்தான் கைப்பேசி ரிப்பேர் கடைக்கு வேலைக்குப் போகிறார். இந்த வரி நிறைவேறினால் வண்டியும் போச்சு, வேலையும் போச்சு.

ஓடி வந்து மேனேஜரிடம் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"நோட்டீஸ் போயாச்சு மிஸ், இனி ஒரு வார்த்தகூட மாத்த முடியாது. இப்படிப் போடு, அப்படிப் போடுன்னு ஆபீஸ் ஆளு வாயத் தொறக்கவும் கூடாது."

வீட்டுக்கு ஒரு ஓட்டு

ஐந்தாவது மாடி ராஜு அங்கிளும் அவர் மனைவி பரமேஸ் ஆன்டியும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். அங்கிளுக்கு ரேக்கில் இடித்து கால் விரல் வீங்கியிருந்தது, தீர்மானம் வேண்டும் என்றார். ஆன்டியின் ரேக்கில் பன்னிரண்டு ஜோடி, வேண்டவே வேண்டாம் என்றார். வீட்டுக்கு ஒரு ஓட்டுத்தான் என்றதும் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். மேனேஜரின் காதும் என் பக்கம் திரும்பியது.

எப்படி ஓட்டுப் போடுவது என்று சொல்லத்தானே தடை? எங்கே நின்று படிப்பது என்று சொல்லத் தடையில்லையே. "மூணாவது மாடி காரிடார்ல நின்னு ஒருதரம் படிச்சிட்டு வாங்க" என்றேன். அன்றிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் அதே மருந்துதான். அரை மணி நேரத்தில் இருவரும் செல்வம் அண்ணனின் வண்டியைப் பார்த்துவிட்டு, சண்டையில்லாமல் திரும்பி வந்தார்கள். அங்கிள்தான் பேசினார்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இன்னிக்குத்தான் மிஸ் நாங்க ரெண்டு பேரும் ஒரே பக்கம்!"

வண்டியில் வந்த ஆதரவு

மறுநாள் செல்வம் அண்ணனே வண்டியில் வந்து, கவுண்டர் முன்னால் நிறுத்திச் சிரித்தார். தீர்மானத்துக்கு ஆதரவு திரட்டுகிறாராம்! எதிர் வீட்டு மேரி ஆன்டியின் ரேக் தினமும் அவர் வண்டியை உரசுகிறதாம். மாடி முழுக்கச் சொல்லிவிட்டேன், எல்லோரும் கை தூக்குவார்கள் என்றார். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. பின்னால் மேனேஜர். தீர்மானக் காகிதத்தை நீட்டி, "வண்டில உட்கார்ந்தபடியே மெதுவா படிங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன். 'எந்தப் பொருளையும்' என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். குனிந்து தன் சக்கரத்தைப் பார்த்தார்.

"அட, என்னையே தூக்கி வெளிய போடத்தான் இத்தன நாளா வீடு வீடா ஓட்டுக் கேட்டேனா?"

கை எண்ணிய காலை

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு, சூடான கறி பப் பலகார வாசத்துக்கே பாதிப் பேர் வந்துவிட்டார்கள். நிறைவேற நான்கில் மூன்று பங்கு கை வேண்டும். செல்வம் அண்ணன் பேசினார்: ரேக் எனக்கும் தொல்லைதான், ஆனால் இந்த வரி வேண்டாம். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றதும் நான் எண்ணினேன். பாதிகூட இல்லை. நான் குடியிருக்கும் கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் நின்றுகொண்டே வந்த கால் வலிகூட எனக்கு மறந்துபோனது. கூட்டம் கலையும்போது மேரி ஆன்டி நேராக அவர் வண்டி முன்னால் வந்து நின்றார்.

"சட்டம் தோத்துப்போச்சு, இருந்தாலும் என் ரேக் இன்னிக்கே உள்ள போயிரும். எதிர் வீடுதானே லா, ஒருதரம் கதவத் தட்டிக் கேட்டிருந்தா இந்த மீட்டிங்கே வேணாமே!"

ஆக, எங்கள் கட்டடத்தில் விதி பழையபடியே இருக்கிறது, மூன்றாவது மாடியில் வழி கிடைத்துவிட்டது, நான்தான் இன்னும் லிஃப்டுக்கும் மழைக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.